கடலை மிட்டாய் கம்பெனியில் இத்தாலி பாஷை

"சனிக்கிழமை காலையில காயலான் கடை லாரி வருது. அந்தக் கெரகத்த ஏத்தி அனுப்பிட்டுத்தான் எனக்கு மறுசோலி. அந்தப் புள்ளையும் சனிக்கிழமையோட நின்னுக்கிடட்டும்" என்று சங்கரநாராயணன் செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

கெரகம் என்று அவர் சொன்னது இத்தாலி மெஷினை. அந்தப் புள்ளை என்றது அதை ஓட்டிக்கொண்டிருந்த ரிஃபானாவை. இரண்டையும் கம்பெனிக்குள் கொண்டுவந்தது அவர் தங்கை ராமசெல்விதான். அதனால் இரண்டு சொல்லும் அவள் மேல்தான் விழுந்தன.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவர்கள் அப்பா வந்து திருவொற்றியூரில் போட்ட கடலை மிட்டாய் கம்பெனி அது. பாகு காய்ச்சுவதும் வெட்டுவதும் அண்ணன் பொறுப்பு. பாக்கெட் போடும் பகுதி தங்கை பொறுப்பு. ஆகஸ்ட் மாதம் துறைமுகத்தில், யாரும் எடுக்க வராத கண்டெய்னர் சரக்கை ஏலம் விட்டபோது, அதற்குள் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பாக்கெட் மெஷின் இருந்தது. "அண்ணே, எடுங்க. நான் ஓட்டிக் காட்டுதேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எடுத்தார். ஐந்து வாரம் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே, கண் கொள்ளாக் காட்சி! மிட்டாய் ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் பளபளவென்று பாக்கெட்டாக விழும். தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ரிஃபானா பத்தே நாளில் அதன் குணம் தெரிந்து வைத்துக்கொண்டாள்.

ஆயுதபூஜை வந்தது. இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் காலையில் ரிஃபானா பாக்கெட் தாளின் புது ரோலை மாட்டி பச்சை பட்டனை அழுத்தினாள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு மெஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாலும் அதே இரண்டு சுற்று, அதே சிவப்பு. வியாசர்பாடியிலிருந்து மெக்கானிக் டில்லிபாபு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, "உள்ள கன்ட்ரோல் போர்டு பூட்ச்சுக்கா. இத்தாலிலேர்ந்துதான் வரணும்" என்று கையை விரித்தான். ரோலைத் தப்பாக மாட்டி போர்டை எரித்துவிட்டாள் என்று சங்கரநாராயணன் அண்ணாச்சி, இருபது பேர் முன்னால் ரிஃபானாவைப் பேர் சொல்லித் திட்டினார். அவளைக் கையால் பாக்கெட் ஒட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ராமசெல்விக்குத் தாங்கவில்லை.

பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ராமசெல்வி மட்டும் மெஷினோடு வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

நூற்று முப்பது பக்கம். அத்தனையும் இத்தாலி பாஷை. கண்டெய்னரில் உப்புத்தண்ணீர் இறங்கி, எழுத்து பாதிக்குப் பாதி ஊறிப்போயிருந்தது. போனைப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னால் அது சிரிப்பு காட்டியது. "போல்ட் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது" என்றது ஒரு இடத்தில். "கதவு மூடிய நிலையில் நடந்து போகிறது" என்றது இன்னொரு இடத்தில். கதவு எங்கே நடந்து போகும், எண்ணூருக்கா?

சரி, போனை நம்பினால் ஆகாது, பாஷையையே படித்துவிடுவோம் என்று இறங்கினாள். இறங்கினால் இறங்கினதுதான், அவள் சுபாவம் அப்படி. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரு இத்தாலி இலக்கணம் கிடைத்தது. விடியற்காலை மொட்டைமாடியில் வீடியோ பாடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகம். மிட்டாய் வெட்டும் பெண்கள், "செல்விக்கா ஏரோப்ளேன் ஏறப் போவுதுடி!" என்று ஓட்டினார்கள். ஓட்டட்டும். ஏழு வாரம் அவள் ஒரு நாள் விடவில்லை.

பெயர்ச்சொல் எல்லாம் லேசாக வந்துவிட்டது. வினைச்சொல்தான் உயிரை வாங்கியது. அந்த மெஷின் புத்தகத்தில் ஆள் என்று ஒருவருமே இல்லை! 'நீ கழற்று' என்றும் சொல்லாது, 'மெக்கானிக் கழற்றுவார்' என்றும் சொல்லாது. எல்லா வாக்கியத்திலும் 'சி' என்று ஒரு குட்டிச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆளை மட்டும் கண்ணில் காட்டாமல் வேலையை நடத்திவிடும்.

அது பிடிபட்டது பஸ்ஸில். ராயபுரத்துக்கு அட்டைப்பெட்டி வாங்கப் போனபோது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்" என்று ஒரு போர்டு போனது. அடுத்தது "மாவு அரைத்துத் தரப்படும்". அதற்கடுத்து ஒரு சுவரில் கரியால், "வீடு வாடகைக்கு விடப்படும்". அடக் கடவுளே, என்று தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இத்தாலியை இத்தாலியில் தேடிக்கொண்டிருந்தாளே! பஞ்சரை யார் ஒட்டுவார்? கேட்கிறவர் யார்? வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் சேதி. அந்த 'சி' இதேதான்.

அடுத்து 'வா' என்று ஒரு இத்தாலிச் சொல் இன்னொரு மூன்று நாள் படுத்தியது. அகராதியைப் பார்த்தால் 'போகிறது' என்று இருந்தது. அதுதான் போனில் கதவை நடக்கவிட்டது. வீடியோ டீச்சர் சொன்ன பிறகு விளங்கியது: அதன் பின்னால் 'மூடப்பட்ட', 'இறுக்கப்பட்ட' என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், அது செய்தே தீரவேண்டிய வேலை. கதவு மூடப்பட்டிருக்க வேண்டும். போல்ட் இறுக்கப்பட வேண்டும். மறுபேச்சே கிடையாது. அண்ணன் குரலில் பேசுகிற வாக்கியம் என்று சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இதையெல்லாம் மேஜையில் பசை தடவிக்கொண்டிருந்த ரிஃபானாவிடம் ஒரு நாள் சொன்னாள். ரிஃபானா கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்போ அவுங்க ஊர்ல யார் செஞ்சான்னு சொல்லவே மாட்டாங்களாக்கா?"

"வேணும்னா சொல்லலாம். வேண்டாம்னா விட்டுரலாம்."

"நல்ல ஊர்க்கா. இங்க என்னிய பேர் சொல்லித்தான் திட்டுனாரு அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கு ராமசெல்விக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கெடு விழுந்ததும் அவள் கரன்ட் சம்பந்தப்பட்ட நாற்பது பக்கத்தையும் கையில் எடுத்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் டெஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தொட்டாள். பியூஸ் சரி. ஃபோட்டோசெல்லுலா என்று ஒன்று, ரோலில் அச்சடித்த கறுப்புக் கோட்டைப் பார்த்து, எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிற சென்சார். அதற்குப் போகும் வயரும் சரி. எல்லாமே சரி, மெஷின் மட்டும் ஓடாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் டெஸ்டரைக் கீழே வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அண்ணன் பார்த்துவிடுவார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தாள்.

படிக்காமல் விட்டது ஒரே அத்தியாயம். துப்புரவு. வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். மெஷினைத் துடைக்க நமக்கு இத்தாலிக்காரன் சொல்லித் தரவேண்டுமா என்ற கர்வம். ரிஃபானா தினம் காலையில் எள்ளும் பாகும் ஒரு துளி இல்லாமல் துடைத்து வைப்பாளே! போதாததற்கு அந்த ஆறு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழியும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாகு அண்டாவுக்குப் போனாள். கொதிக்கும் வெல்லப்பாகின் ஆவியில், அப்பளம் வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினாள். காகிதம் இளகியது. தாளைத் தாளாக உரித்தாள். மூன்றாவது தாளில் படத்தோடு இரண்டு வரி இருந்தது.

'லா ஃபோட்டோசெல்லுலா வா புலீதா ஓன்யி ஜோர்னோ.' ஃபோட்டோசெல்லுலா தினந்தோறும் துடைக்கப்பட வேண்டும்.

'நோன் சி தோக்கா இல் வேத்ரோ கோன் லே தீதா.' அதன் கண்ணாடியை விரலால் தொடுவதில்லை.

வயரைத் தொட்டுப் பார்த்தோம், கண்ணாடியைப் பார்த்தோமா? ஓடினாள். பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டாள். படத்தில் அம்புக்குறி காட்டிய இடத்தில், சட்டைப் பித்தான் அளவில் ஒரு வட்டம் இருந்தது. கண்ணாடி தெரியவில்லை. அதன் மேல் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வட்டம் பிசகாமல் வைத்த பொட்டு!

ராமசெல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் வைத்தது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆயுதபூஜையன்று பழைய மெஷின்களுக்கெல்லாம் பெண்கள் பொட்டு வைத்தார்கள். இத்தாலி மெஷினுக்கு மட்டும் நான்தான் வைப்பேன் என்று சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டவள் அவளேதான். ஆசை. வெளியே பதினாறு பொட்டு வைத்தும் மனசு ஆறாமல், வேலை செய்கிறதே உள்ளே இருக்கிறதுதானே, அதற்கு இல்லாமலா என்று கதவைத் திறந்து உள்ளேயும் வைத்தாள். நெற்றி மாதிரி வழவழவென்று ஒரு இடம் தெரிந்தது. மோதிர விரலால் அழுத்தி வைத்தாள். பூஜைப் பொட்டை யார் துடைப்பார்? அதுவாக உதிர்கிறவரை விட்டுவிடுவதுதானே வழக்கம். ஏழு வாரமாக அது அங்கேயே இருந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பிள்ளையாரப்பா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி, ஈரத் துணியால் துடைத்தாள். உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தாள். கதவை மூடினாள். பச்சை பட்டனை அழுத்தினாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று, நான்கு, ஐந்து. காலி பாக்கெட்டுகள் சரசரவென்று தட்டில் விழ ஆரம்பித்தன.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். அண்ணன், கையில் பாகுக் கரண்டியோடு வந்தார். தட்டில் விழுந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, என்னட்டி செஞ்ச? எப்படி ஓடுச்சு?"

அவள் சென்சாரைக் காட்டினாள். துணியில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் காட்டினாள். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. உடனே டில்லிபாபுவுக்குப் போன் போட்டார். "அய்ய, நானும் அந்தப் பொட்ட பாத்தேன் அண்ணாச்சி. சாமி பொட்டாச்சே, எப்டி தொடறதுன்னு வுட்டுட்டேன்" என்று அவன் கூசாமல் சொன்னது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"சரி, விடு. என்னமோ நடந்துபோச்சு, சரியாயும் போச்சு. லாரிய வர வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார் அண்ணன். "போங்கம்மா, போங்க, வேலையப் பாருங்க."

கூட்டம் கலைந்தது. ரிஃபானாவும் மேஜைக்குத் திரும்பினாள். இப்படியே விட்டுவிடலாம். அண்ணனே நல்ல வழி போட்டுக் கொடுத்துவிட்டார். என்னமோ நடந்தது, பொட்டு வைக்கப்பட்டிருந்தது, துடைத்தாகிவிட்டது. ஏழு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்த வாக்கியமெல்லாம் இதற்குத்தானா என்று ராமசெல்விக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது.

"அண்ணே, நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க" என்றாள். குரல் மெஷின் சத்தத்தைத் தாண்டிப் போனது. "என்னமோ ஒண்ணும் நடக்கல. பொட்டு வச்சது நான். இந்த வெரலுதான்." மோதிர விரலைத் தூக்கிக் காட்டினாள். "ரிஃபானா ரோல ஒழுங்காத்தான் மாட்டுனா. நீங்க எல்லாரு முன்னாலயும் அவ பேரச் சொல்லி வஞ்சீங்க. இப்பவும் எல்லாரு முன்னாலயும், அவ பேரச் சொல்லித்தான் சொல்லணும்."

மிட்டாய் வெட்டும் கத்திகள் நின்றுவிட்டன. அண்ணன் முகம் கறுத்தது. தங்கையை ஒரு முறை முறைத்தார். அவள் விரலை இறக்கவில்லை. கரண்டியிலிருந்து பாகு சொட்டித் தரையில் விழுந்தது. மேஜைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா ரிஃபானா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் மேல தப்பில்ல. நான் சொன்னது தப்பு. வா, வந்து மெஷினப் பிடி."

ரிஃபானா எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த பாக்கெட்டை ஒட்டி முடித்தாள். விரலில் இருந்த பசையைத் துணியில் துடைத்தாள். பிறகு ராமசெல்வியைப் பார்த்தாள். ரிஃபானாவின் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பொட்ட நானும் பாத்தேன்க்கா. லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு காலைல தொடைக்க சொல்லோ பாத்தேன். எல்லாத்தையும் தொடைச்சேன், அத்த மட்டும் தொடல. நீ ஆசையா வெச்சதுன்னு சொன்னாங்க. நா தொடைச்சா, ஏன்டி சாமி பொட்ட தொட்டேன்னு யாரானா கேட்டுட்டாங்கன்னா? அதான் வுட்டுட்டேன்."

ராமசெல்வி மேஜைக்குப் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுக்கா" என்றாள் ரிஃபானா, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு. "அடுத்த வருசம் பூஜைக்கு நானும் வரேன். நீ பொட்டு வெய்யி. எங்க வெக்கக் கூடாதுன்னு நா பக்கத்துல நின்னு காட்டுறேன்."

இருவரும் மெஷினுக்குப் போனார்கள். ரிஃபானா முதலில் பக்கக் கதவைத் திறந்து கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கதவை மூடி, பச்சை பட்டனை அழுத்தி, மிட்டாயைத் தள்ள ஆரம்பித்தாள்.