கொம்பியூட்டருக்குள் யானை

மீனம்மாவின் வீட்டை மண்ணில் கட்டுவதற்கு முன்பே நான் கொம்பியூட்டருக்குள் கட்டிவிட்டேன். 2001 சித்திரை. கரண்ட் வராத செட்டிகுளக் காட்டோரத்தில், விசிறி இல்லாமலே குளிர்ந்திருக்கும் முப்பது வீடுகள் கட்டுவதுதான் எங்கள் நிறுவனத்தின் திட்டம். எந்த மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும், உள்ளே எவ்வளவு சூடேறும் என்று அந்தப் பெட்டி காட்டும். மீனம்மாவின் காணியில் மேற்கே ஒரு விளாமரம். அதன் நிழலில் அறை பின்னேரம் முப்பத்தொரு பாகை. மரத்தை எடுத்தால் முப்பத்தைந்து.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மீனம்மா நேரே மரத்தில்தான் விரலை வைத்தார்.

"இத மொதல்ல வெட்டணும் தம்பி."

"ஐயோ, அதுதானம்மா நிழல். வெட்டினா அறை வெந்துபோகும்."

"பழத்துக்கு ஆனை வருது. போன வருசம் குடிசை ஒரே தள்ளுல போச்சு. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடுனேன். ஒங்க பொட்டிக்கு ஆனையத் தெரியுமா?"

தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கடலோரத்தில் பிறந்தவன்.

மீனம்மா சொன்னதைத் திட்டப் பொறுப்பாளர் தில்லைநாதனிடம் சொன்னேன்.

"மரம் வெட்டக்கூடாதெண்டுதானே எங்கட திட்டமே. இனி யானைக்கும் ஒரு அறை கீறப்போறீரோ?" என்று சிரித்தார்.

கொம்பியூட்டர்ப் படத்தில் எட்டடி உயரமான ஒரு பெட்டியைக் கீறி, யானையென்று மரத்தடியில் நிறுத்தினேன். வீட்டுச் சுவரில் இடித்தது. வீட்டைத் தள்ளினேன், நிழல் எட்டவில்லை. கடைசியில் மரத்திலிருந்து பதினெட்டடி தூரத்தில் வைத்தேன். நாலு மணிக்கு நிழல் தொட்டது, முப்பத்துமூன்று பாகை. யானைக்கு அந்தப் பதினெட்டடி போதுமா? யாரிடம் கேட்பது?

அத்திவாரத்துக்கு முளை அடித்த அன்று, மீனம்மா ஒரு முளையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தைவிட்டு இன்னும் ஏழெட்டுக் காலடி தள்ளி நடந்தார். "இங்க அடிங்க. ஆனை திரும்புறதுக்கு எடம் வேணுமில்ல?"

"இதில அஞ்சரைக்குப் பிறகுதான் நிழல் வரும்."

"வரட்டும். மரத்த வெட்டாதீங்க."

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்கள்!"

"அப்ப வீடு பக்கத்துல இருந்திச்சு. இப்ப மரத்த வெட்டிட்டா பசியோட நேரா குசினியில உள்ள அரிசிக்கில்ல வரும்?"

வவுனியா அலுவலகத்துக்குத் திரும்பி, அவரின் முளைப்படி வீட்டை மாற்றிக் கீறினேன். முப்பத்துநாலரை. மரத்தை வெட்டியிருந்தாலும் அரைப் பாகைதான் கூடியிருக்கும்.

"மரம் நிக்குதோ?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"ஓம், நிக்குது."

"பிறகென்ன!" படத்தில் கையெழுத்து வைத்தார்.

அந்த அறைக்குள் பிள்ளைகள் இனிப் பயமில்லாமல் படுப்பார்களா, புழுக்கத்தில் புரள்வார்களா? அடுத்த காணியின் படத்தைத் திறந்து, வீட்டுக்கு முதலே யானைப் பெட்டியை நிறுத்தினேன்.