கே.பாக்கம்

அச்சரப்பாக்கம் சடையப்பனுக்கு ஒரு கர்வம் உண்டு. செங்கல்பட்டு ஜில்லாவில் தனக்குத் தெரியாத பாக்கம் கிடையாது என்பது அது. சொந்தமாக ஒரு 407 மினி லாரி. நெல்லோ, வேர்க்கடலையோ, தர்பூசணியோ, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டினவர். "நான் லோடு எறக்காத பாக்கம் ஒண்ணு சொல்லு பாக்கலாம்" என்று டீக்கடையில் சவால் விடுவார். சொன்னவர்கள் எல்லாம் தோற்றுத்தான் போனார்கள். ஒருமுறை வெளியூர்க்காரன் ஒருவன் இல்லாத பாக்கத்தைச் சொல்லி மடக்கப் பார்த்தான். அப்படி ஒரு ஊரே கிடையாது என்று கண்டுபிடித்துச் சொன்னதற்காக அவனிடமே டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட மனிதரின் கர்வம், 1999-ஆம் வருஷம் ஜூலை மாதம், பெற்ற மகளின் படிப்பில் போய் முட்டிக்கொண்டது.

மகள் சுஜாதா பிளஸ் டூவில் நல்ல மார்க். எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். கோடை விடுமுறையில் ஒருநாள் அப்பா கேளம்பாக்கத்துக்கு லோடு கொண்டுபோனபோது அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவர் மூட்டை இறக்கி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பொறியியல் கல்லூரிக்குள் போய்விட்டு வந்தாள். கட்டடத்தையோ தோட்டத்தையோ பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. லேப் எத்தனை மணிக்கு மூடுவார்கள், நூலகத்தில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தருவார்களா, போன வருஷம் வந்த வாத்தியார்கள் இந்த வருஷமும் இருக்கிறார்களா என்று லேப் உதவியாளரிடம் விசாரித்திருக்கிறாள்.

"லேப் ஆறு மணி வரைக்கும் தொறந்துகினு இருக்குமாம்ப்பா. இதான் என் காலேஜு."

"மாப்ள வூட்டப் பத்திக்கூட இவ்ளோ வெசாரிக்க மாட்டாங்கம்மா" என்றார் சடையப்பன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மனசுக்குள் பெருமை தாங்கவில்லை. பதினேழு வயதில் தனக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்றே தெரிந்ததில்லை, இவள் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்து நிற்கிறாளே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

கவுன்சலிங் சென்னையில் நடந்தது. மாணவியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். மனைவி சாரதாம்பாளைப் பையோடு வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுச் சடையப்பன் உள்ளே போனார். கல்லூரிகளின் முழு முகவரி போட்டிருந்த புத்தகம் அந்தப் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே திரையில் கல்லூரிப் பெயர்களும் மிச்சமிருக்கும் இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இடம் போதாமல் ஊர்ப் பெயர்களையெல்லாம் சுருக்கிவிட்டிருந்தார்கள். சுஜாதா கேட்ட கல்லூரியின் பெயர் வந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கே.பாக்கம்' என்று இருந்தது. எலெக்ட்ரானிக்ஸில் மூன்று இடம் பாக்கி.

சுஜாதா தயங்கினாள். "காலேஜு நம்பரு வேற மாதிரி கீதுப்பா. அம்மாகிட்ட போய் புக்கப் பாத்துட்டு வந்துர்றேன்."

"அடுத்த நம்பர் காத்திருக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர். மூன்று இரண்டாகியது.

"புக்கு இன்னாத்துக்கு?" என்றார் சடையப்பன். "கே.பாக்கம்னா கேளம்பாக்கம்தான். எனக்குத் தெரியாத பாக்கமாம்மா? போடச் சொல்லு."

போட்டார்கள். கையெழுத்தும் ஆயிற்று.

வெளியே வந்து ஒதுக்கீட்டுத் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரே அறக்கட்டளைக்கு ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள். பழையது கேளம்பாக்கத்தில். புதியது, தொடங்கி ஒரே வருஷமான கல்லூரி, செய்யூர்ப் பக்கம் கள்ளிப்பாக்கம் என்ற ஊரில். அந்த ஊர் அவருக்கு நன்றாகத் தெரியும். தர்பூசணி ஏற்ற நாலு தடவை போயிருக்கிறார். அங்கே ஒரு கல்லூரி முளைத்தது மட்டும் தெரியாது. எழுதிக் கொடுத்ததை மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"கள்ளிப்பாக்கமா? அந்தப் பொட்டக்காட்டுலயா?" என்று சாரதாம்பாள் தலையில் கை வைத்தாள். "எவ எடுத்தது இத?"

சடையப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் சுஜாதா சொன்னாள்: "நான்தாம்மா பாத்து எடுத்தேன்."

சடையப்பன் வாயை மூடிக்கொண்டார். அந்த நிமிஷம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார், பஸ்ஸில் கூட்டம். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தார், வீட்டில் விருந்தாளி. இப்படியே தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடிவிட்டன. சாரதாம்பாள் கோபம் வரும்போதெல்லாம் "கண்ணத் தொறந்து பாத்து எடுக்கத் தெரியல, பெரிய படிப்பு" என்று மகளைத்தான் திட்டினாள். ஒவ்வொரு தடவையும் சடையப்பன் வண்டியைத் துடைக்க எழுந்து போய்விடுவார். அந்தத் தெருவில் அவ்வளவு பளபளப்பான வண்டி வேறு கிடையாது.

ஆனால் சுஜாதா அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தப் பெண்ணை என்னவென்று சொல்வது. கள்ளிப்பாக்கம் கல்லூரியில் ஒரே ஒரு கட்டடம், சுற்றிலும் வேலிக்கருவை, எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். லேப் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் மேசைகள்தான் இருந்தன. கருவிகள் இருபத்திரண்டு மரப்பெட்டிகளில் கீழே ஸ்டோர் ரூமில் ஆணி அடித்தபடியே கிடந்தன. முதல்வர் திருநாவுக்கரசு நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். இன்ஸ்பெக்‌ஷன் வருவதற்குள் ஏதாவது உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பெட்டியைத் தொடவே விடவில்லை.

இரண்டாவது வருஷத் தொடக்கத்தில் சுஜாதா அவர் அறைக்குப் போனாள்.

"சார், இன்ஸ்பெக்‌ஷன்ல பெட்டிய எண்ணுவாங்களா, நாங்க வேலை செய்யறதப் பாப்பாங்களா?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். கருவிகளுக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதி முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லையே என்று கடைசியாக ஒரு தடையைச் சொல்லிப் பார்த்தார்.

"எங்கப்பா தூக்குவாரு சார்" என்றாள் சுஜாதா.

தூக்கினார். கயிறும் பலகையும் எடுத்துக்கொண்டு 407-இல் வந்து, இருபத்திரண்டு பெட்டிகளையும் வகுப்புப் பையன்களோடு சேர்ந்து ஒரே நாளில் மாடிக்கு ஏற்றினார் சடையப்பன். ஒரு பெட்டிகூட இடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பயந்து பயந்து அவர் எந்த லோடையும் இறக்கியதில்லை. கடைசிப் பெட்டியின் ஆணியை அவரே பிடுங்கினார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஒரு கருவி. சுஜாதா அதை வெளியே எடுத்து, ஒயரைச் செருகி, ஒரு குமிழைத் திருப்பினாள். சின்னத் திரையில் பச்சைக் கோடு ஒன்று துள்ளியது.

"ஆசிலாஸ்கோப்புப்பா. கேளம்பாக்கத்துல ஆறு பேருக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்தேன், இங்க ரெண்டு பேருக்கு ஒண்ணு" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன் என்று அவள் சொன்ன விதத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. கிடைத்ததில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்? சடையப்பனுக்குக் கண் கலங்கியது. வைக்கோல் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

புத்தகங்கள்தான் பாக்கி. கள்ளிப்பாக்கம் நூலகத்தில் இரண்டு அலமாரி. ஒரு சனிக்கிழமை அப்பாவின் வண்டியில் ஏறி, சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் என்று கடலோரமாகவே கேளம்பாக்கம் போய் இறங்கினாள். கல்லூரி வாசலில் காவலாளி ஏசுதாஸ் தடுத்தார். சடையப்பன் கெஞ்சுவதற்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டார். சுஜாதா அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அட்டையிலும் இடம் போதாமல் சுருக்கித்தான் அடித்திருந்தார்கள்.

"கே.பாக்கம்னு கீது. நம்ம காலேஜுதான், போம்மா" என்று ஏசுதாஸ் வழிவிட்டார்.

அப்படியே போய்விட்டிருக்கலாம். அவள் போகவில்லை. நேரே நூலகர் ருக்மிணியிடம் போய், நான் கள்ளிப்பாக்கம் மேடம், தவறாக உள்ளே விட்டுவிட்டார்கள், படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். ருக்மிணி அட்டையை வாங்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். செங்கல்பட்டுக்காரர், கறாரான அம்மாள் என்று பெயர் எடுத்தவர். அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அறக்கட்டளை மாணவர்களுக்கு நூலகம் பொதுன்னு விதியில இருக்கு. இங்க இருக்கறவங்களே படிச்சுப் பார்க்காத விதி அது. கே.பாக்கம்னுதானே போட்டிருக்கு? உட்காரு."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் போனாள். அப்பாவுக்கு லோடு இல்லாத வாரங்களில் மூன்று பஸ் மாறிப் போனாள். தனியாகப் போனவள் பிறகு நாலு பேரோடு போனாள், அப்புறம் பதினோரு பேரோடு. "கள்ளிப்பாக்கம் கூட்டம் வருது, ஃபேனைப் போடுங்க" என்று ருக்மிணி அம்மாள் சொல்கிற அளவுக்கு ஆயிற்று.

நாலாவது வருஷம் ஒரு கம்பெனி ஆள் எடுக்கக் கேளம்பாக்கத்துக்கு வருவதாக இருந்தது. கள்ளிப்பாக்கத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் நூலகப் பலகையில் ருக்மிணி தன் கையால் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார்: 'கே.பாக்கம் இறுதியாண்டு மாணவர்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம்.' சுஜாதா அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை பத்தொன்பது பேர் சடையப்பனின் 407-இல் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். எழுத்துத் தேர்வு முடிந்ததும் ஆளுக்கொரு பழுதான சர்க்யூட் பலகையைக் கொடுத்து, ஆசிலாஸ்கோப் வைத்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கருவியைச் சுற்றி ஆறு பேராக நின்று படித்தவர்கள் எந்தக் குமிழைத் திருப்புவது என்று யோசித்தார்கள். கள்ளிப்பாக்கத்துப் பிள்ளைகள் கையில் அது வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஏழு பேருக்கு வேலை கிடைத்தது. பட்டியலில் முதல் பெயர் சுஜாதா.

இங்கேதான் சடையப்பனுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. அவமானமாக இருந்த நாலு வருஷமும் அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போதோ ஊரெல்லாம் அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுகிறது. "எம் பொண்ணு பாத்துப் பாத்து எடுத்த காலேஜு" என்று சாரதாம்பாளே பெருமை அடித்துக்கொள்கிறாள். இந்த நேரத்தில் போய், எடுத்தது நான்தான் என்றால் எப்படி இருக்கும்?

2004 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெரு செங்கம்மாள், மகள் வேண்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர்தான் வேண்டா, பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். அடுத்த வாரம் அவளுக்குக் கவுன்சலிங். சுஜாதா லீவில் வீட்டில் இருந்தாள். சாரதாம்பாள் காபி கொடுத்துவிட்டு வழக்கமான கதையைத் தொடங்கினாள்.

"எங்க சுஜா மாரி கண்ணத் தொறந்து பாத்து எடுக்கணும். அவ எடுத்தா பாரு கள்ளிப்பாக்கத்த..."

"அவ எடுக்கல" என்றார் சடையப்பன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நான் எடுத்தேன். கேளம்பாக்கம்னு நெனச்சிகினு தப்பா எடுத்துட்டேன். அவ புக்கப் பாக்கணும்னுதான் சொன்னா. நான்தான் வுடல. அத்தினி வருசமா அவள நீ திட்டறப்போ வாயத் தொறக்காம கெடந்தேன்."

சாரதாம்பாள் சிரித்தாள். "பாரு இந்த மனுசன. பொண்ணு பேர் வாங்குனதும் பங்குக்கு வந்துட்டாரு."

"அப்பா சொல்றது நெஜம்தாம்மா" என்றாள் சுஜாதா.

"நீ சும்மா இரு. அப்பாவ என்னிக்கு நீ வுட்டுக் குடுத்துகீற?"

செங்கம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சடையப்பன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் துளிக் கோபம்கூட இல்லை. ஐந்து வருஷம் சுமந்ததை எவ்வளவு லேசாகக் கீழே வைத்துவிட்டாள் என்று இருந்தது அவருக்கு.

வேண்டா தன் கவுன்சலிங் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைப் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டினாள். "இதாங்க மாமா எனக்கு. வி.பாக்கம் காலேஜு."

"வி.பாக்கம்னா எது அண்ணாத்த?" என்றாள் செங்கம்மாள். "ஒனக்குத் தெரியாத பாக்கமா?"

சடையப்பனுக்குக் கேட்ட உடனே மூன்று ஊர் மனசில் வந்து நின்றது. மூன்றிலும் லோடு இறக்கியிருக்கிறார்.

"தெரியாதும்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து சாரதாம்பாள் கேட்டதே இல்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சடையப்பன் ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார். "புக்க மறக்காம எடுத்துக்கோ வேண்டா. போய்ப் பாத்துட்டே வந்துரலாம், ஏறு."

சுஜாதா அவர்களுக்கு முன்னால் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.