கண்ணைத் திறந்து செய்த ஜெபம்

பரமத்தி வேலூர் ஜெப வீட்டில் வசந்தாமணியைத் தெரியாதவர் கிடையாது. பிசாசுக்கே அவளைத் தெரியும் என்பாள் சௌந்திரம் சிஸ்டர். அப்பேர்ப்பட்ட ஜெபக்காரி. காலையில் எழுந்து முகம் கழுவியதும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். முதலில் தேவனுடைய சர்வாயுதவர்க்கத்தைத் தரித்துக்கொள்வாள். வேதத்தில் சொல்லியிருக்கிற அந்தப் போர்க்கவசத்தை வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். தலையில் கை வைத்து இரட்சணியத்தின் தலைச்சீரா, நெஞ்சில் கை வைத்து நீதியின் மார்க்கவசம், இடுப்பைச் சுற்றிச் சத்தியத்தின் கச்சை என்று ஒவ்வொன்றாக மாட்டி இறுக்கி, வலது கையை வீசிப் பட்டயம் என்ற வாளையும் உருவிய பிறகுதான் பாலைக் காய்ச்சுவாள். வீசிய வேகத்தில் ஒரு நாள் பால் சொம்பு உருண்டுபோனது. அந்தப் பழியையும் சத்துருவின் தலையில்தான் போட்டாள்.

சத்துரு என்றால் சாத்தான். வண்டி பஞ்சரானால் சத்துரு, கேஸ் தீர்ந்தால் சத்துரு. ஆனால் பெரிய சண்டை அவள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அவள் கணவர் வெள்ளியங்கிரி வாழைத் தோட்டக்காரர். தங்கமான மனுஷன், குடி கிடையாது, சீட்டு கிடையாது. சர்ச் வாசலை மட்டும் மிதிக்க மாட்டார். மகன் கௌசிக் சின்ன வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது இயேசுவிடம் வந்தவள் வசந்தாமணி. கணவரையும் எப்படியாவது கூட்டிவந்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மன்றாடினாள். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தாள். கௌசிக் படித்து முடித்து வேலைக்குப் பெங்களூரே போய்விட்டான். அவன் அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோட்டத்துக்குத்தான் போனார்.

"நீ போய்ட்டு வா அம்மணி, நான் தண்ணி கட்டோணும்" என்பார். சண்டையும் போட மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். அந்த மனுஷனை ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் செத்துவிடக் கூடாது என்பதுதான் வசந்தாமணியின் ஒரே ஆசை. சேர்க்கிறவள் தானாகத்தான் இருக்க வேண்டும் என்ற இன்னொரு ஆசையும் அதற்குள் உட்கார்ந்திருந்தது. அது அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் பின்பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள் மைதிலி. நாமகிரிப்பேட்டைக்காரி, சின்ன வயது. அவள் புருஷன் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். தனியாக இருக்கிற பெண் என்று இரக்கப்பட்டு, கையைப் பிடித்து ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போனதே வசந்தாமணிதான். எப்படி ஜெபிப்பது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மைதிலிக்கு அது வரவே இல்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி, "ஆண்டவரே, இவங்களுக்கு ரொம்ப முடியலைங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்பாள். அவ்வளவுதான், ஆமென். வசந்தாமணிக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு நாள் சௌந்திரம் சிஸ்டரின் பேத்திக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. சிஸ்டர் வசந்தாமணிக்குத்தான் போன் போட்டாள். "மைதிலியக் கொஞ்சம் அனுப்பி உடுங்க, ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றாள். நீங்களும் வாங்க என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றோடு வசந்தாமணியின் சிரிப்பு நின்றுபோனது.

சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. தார் போட்டு வெட்டுக்கு நின்ற வாழை பாதிக்கு மேல் முறிந்து விழுந்தது. மறுநாள் காலை வரப்பில் உட்கார்ந்த வெள்ளியங்கிரி எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுத் தூக்குப்போசியை அவர் பக்கத்தில் வைத்த வசந்தாமணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே?

"நான் எத்தன தடவ சொன்னேனுங்க, சத்துரு சும்மா இருக்க மாட்டான்னு! நீங்க ஆண்டவர்கிட்ட வந்திருந்தா இந்தத் தோட்டத்தச் சுத்தி அவரு வேலி போட்டிருப்பாருங்க."

அவர் தூக்குப்போசியைத் திறக்கவில்லை.

பின்னாலேயே மைதிலி வந்தாள். வந்தவள் நேரே போய், சாய்ந்து நின்ற மரம் ஒன்றைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்ணா, முட்டுக் குடுத்தா இது நிக்குமுங்களா?" என்று கேட்டாள். வெள்ளியங்கிரி எழுந்துபோய்ச் சவுக்குக் கழி எடுத்துவந்தார். உச்சி வெயில் வரைக்கும் மிச்சமிருந்த மரங்களுக்கு இருவரும் முட்டுக் கொடுத்தார்கள். வசந்தாமணி கயிறு எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மைதிலி, "ஒரு ஜெபம் பண்ணிக்கட்டுங்களாண்ணா?" என்றாள்.

"பண்ணு கண்ணு."

"ஆண்டவரே, அண்ணன் ரொம்பப் பாடுபட்டாருங்க. நீங்க பாத்துட்டுத்தான் இருந்தீங்க. அவரு மனசு ஒடிஞ்சு போகாமப் பாத்துக்குங்க."

வெள்ளியங்கிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை, "நாளைக்கு நானும் வாரேன் அம்மணி" என்றார்.

"எங்கீங்க?"

"உங்க சர்ச்சுக்குத்தான். அந்தப் புள்ள கூப்புட்டுச்சு."

அல்லேலூயா என்று கத்தியிருக்க வேண்டிய இடம். வசந்தாமணிக்கோ கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. அந்தப் புள்ள கூப்பிட்டதாம்! அப்படியானால் இத்தனை வருஷமாக நான் கூப்பிட்டதெல்லாம் என்ன, வாழைக்காய் ஏலமா? பட்டினி கிடந்து குடல் வற்றியது நான். நேற்று வந்தவள் நாலு மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆளையே கூட்டிக்கொண்டு போகிறாள்! இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று தெரியாதவளா அவள்? தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை, ஜெபத்துக்கும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டாரே! பாஸ்டர் மணிமாறனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிஸ்டர் மைதிலியோட ஜெபத்தக் கர்த்தர் கேட்டாரு!" என்றார் மைக்கில். எல்லாரும் கை தட்டினார்கள். வசந்தாமணியும் தட்டினாள், தட்டாமல் இருக்க முடியுமா? "வர்ற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்த அவங்களே நடத்தட்டும்" என்று வேறு சொல்லிவிட்டார். உபவாச ஜெபம் என்றாலே வசந்தாமணி என்றிருந்த சபை அது.

அந்த வாரம் முழுக்க அவள் காலையில் கவசம் மாட்டாமல் இல்லை. தலைச்சீரா மாட்டினாள், கேடகம் பிடித்தாள். எல்லாம் வெளியே இருந்து வருகிற அம்புக்குத்தான். உள்ளே இருந்து எரிந்தால் எதைப் பிடித்து மறைப்பது? அதை யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எரிகிறது என்றால் கொளுத்தியவள் மைதிலி. அப்படியானால் மைதிலிக்குள் இருப்பது சத்துரு. கணக்கு அவளுக்குச் சரியாக வந்தது.

பெண்கள் கூடி ஜெபிக்கிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஒருத்தி மேல் ஆத்திரம் என்றால் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். ஆண்டவரிடம் சொல்கிற மாதிரி ஜெபத்தில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் ஆமென் போட்டாக வேண்டும். குத்தியவளுக்குக் கையில் கறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வசந்தாமணியை வண்டியில் கொண்டுவந்து விட்ட வெள்ளியங்கிரி, தானும் உள்ளே வந்து கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைதிலி தன் பாணியில் ரெண்டு வார்த்தை சொல்லி ஆரம்பித்துவைத்தாள். வசந்தாமணியின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, எங்கள் நடுவிலே தாழ்மை வேஷம் போட்டு நுழைந்திருக்கிற ஆவியை இயேசுவின் நாமத்திலே கட்டுகிறேன்!"

"ஆமென்!"

"அடுத்தவர்கள் கண்ணீரோடே விதைத்ததைத் திருடி அறுக்கிற பெருமையின் ஆவியைக் கடிந்துகொள்கிறேன்!"

"ஆமென்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததை அவள் யோசித்துக்கூட வைத்திருக்கவில்லை. தானாக வந்து விழுந்தது.

"புருஷன் இல்லாத வீட்டிலிருந்து கிளம்பி, அடுத்த குடும்பத்துக்குள்ளே நுழைகிற ஆவியை முறியடிக்கிறேன்!"

"ஆமென்!" கூரை அதிர்ந்தது. பெண்கள் எல்லாரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள், வசந்தாமணியைத் தவிர. பட்டது எங்கே பட்டது என்று பார்க்க வேண்டாமா? பார்த்தாள். மைதிலி முழங்காலில் இருந்தாள். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது. அவளும்தான் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் வெள்ளியங்கிரி சொன்னார்.

"ஜெபம் பண்ணறப்போ கண்ண மூடோணும்னு எனக்குத் தெரியாது அம்மணி. நான் தொறந்துட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

வண்டியிலிருந்து இறங்கிய வசந்தாமணி வேதப் புத்தகத்தை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் தொறந்துதான் வெச்சிருந்தே. அந்தப் புள்ளையவே பாத்துட்டிருந்தே. எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. எல்லாரும் ஆமென்னாங்க, நானும் சொன்னேன். உன்ற மூஞ்சியப் பாத்த பொறவுதான் யாரச் சொல்றேன்னு புரிஞ்சுது." அவர் குரல் உயரவே இல்லை. "என்ற வாயில வந்த மொத ஆமென் அது, வசந்தா. ஒரு பாவமும் அறியாத புள்ளைய வையறதுக்குச் சொல்லிப்போட்டேன்."

எத்தனை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்திருக்கிறாள், அந்த வாயிலிருந்து ஒரு ஆமென் வராதா என்று! வந்துவிட்டது. அதை வரவழைத்தவள் மைதிலி இல்லை, அவளேதான்.

"நாயித்துக்கெழம வருவீங்களா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எப்படி வாரது? அந்தப் புள்ள மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் கை கால் கழுவப் போனார்.

வசந்தாமணி வீட்டுக்குள் போகவில்லை. நேரே பின்பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"வாங்கக்கா. உபவாசம் முடிஞ்சுதுங்களே, காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள் மைதிலி. கண் இன்னும் சிவந்திருந்தது.

"காப்பி கெடக்குது. நான் ஜெபத்துல சொன்னது..."

"என்னையத்தானுங்க. தெரியுமுங்கக்கா. எனக்குள்ள அப்படி ஏதாச்சும் இருந்தா எடுத்துப் போடுங்க ஆண்டவரேன்னுதான் நானும் ஆமென் சொன்னேனுங்க."

பாவி மகள், இதிலேயும் முந்திக்கொண்டாளே! மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் வசந்தாமணிக்கு மறுபடியும் குபீரென்று எரிந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இதெல்லாம் இவ்வளவு லேசாக வருகிறது? அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

"உனக்குள்ள ஒண்ணுமில்ல. எனக்குள்ளதான் இருக்குது" என்றாள். "நீ வந்ததுல இருந்து எனக்கு வயிறு எரியுது மைதிலி. அவரு நீ கூப்பிட்டு வந்தாரே, அதுல எரியுது. இப்ப நீ பேசறயே, இதுலயும் எரியுது. கடைசியா நான் சொன்னது சுத்தப் பொய். வாய் கூசாமச் சொன்னேன். நாயித்துக்கெழம சபையில எல்லாருக்கும் முன்னால அதையச் சொல்லிப்போடறேன்." சத்தமாகத்தான் சொன்னாள். முன்பக்கம் குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. வெள்ளியங்கிரி கேட்டாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மைதிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, அக்காவுக்கு ரொம்ப எரியுதுங்க. எனக்கு அதைய அணைக்கத் தெரியலைங்க. நீங்களே பாத்துக்குங்க. ஆமென்."

வசந்தாமணி வாயைத் திறந்தாள். அவளும் ஆமென் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.