கலப்பரிசி

நாச்சியாவுக்கு அல்லாஹ் மூக்கையும் காதையும் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டான். மூன்று வளவுக்கு அப்பால் யாராவது கருவாடு பொரித்தால் அது என்ன மீன் என்று இங்கிருந்தே சொல்லுவாள். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் குசுகுசுத்தால் மூன்றாவது ஆளாக அவளும் இருப்பாள். “நீ கஸ்டம்ஸில சேந்திருக்க வேண்டிய ஆள்,” என்று அவளைக் கட்டிய மாப்பிள்ளை அபூசாலி சொல்லுவார். அவர் கேலி செய்கிறாரா மெச்சுகிறாரா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

சூறாவளி அடித்த அடுத்த வருஷம் அது. தென்னைகள் விழுந்தது போதாதென்று கல்முனைக்குடிக்குள் வாந்திபேதி வந்தது. முதலில் கடற்கரைப் பக்கம் இரண்டு பேர், பிறகு தெருவுக்கு ஒருவர். மீன் விற்கக் கூடாது என்றார்கள், பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், சந்தையில் காகம்கூட இல்லை. அன்றாடம் உழைத்துத் தின்றவர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். அப்போதுதான் பிறை நற்பணி மன்றம் தெருவில் இறங்கியது. நாலைந்து வாத்திமார், இரண்டு கிளாக்கர்மார், ஒரு தையல்காரர், இவ்வளவுதான் மன்றம். நோயாளிகளைக் கரத்தையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்.

நாச்சியா தன் கிணற்றைப் பாயால் மூடி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். சும்மா வருகிறவன் சும்மா போவானா? அந்த வெள்ளைத் தூளில் என்ன கலந்திருக்கிறதோ! அபூசாலிதான் குழவியை இறக்கிவைத்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து வந்தது பிடியரிசி. வீட்டுக்கு ஒரு பால்மா டின் கொடுத்தார்கள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மன்றத்துச் செயலாளர் மீராமுகைதீன் மாஸ்டர் சைக்கிளில் சாக்கோடு வந்து டின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவார். நாற்பது வீட்டு அரிசியும் ஒரே சாக்குக்குள் விழும்.

“ஆருக்கு மாஸ்டர் குடுக்கீங்க?” என்று முதல் நாளே கேட்டாள் நாச்சியா.

“வாங்குறவங்கட பேர் வெளிய வராது ராத்தா. அப்படிச் சத்தியம் பண்ணித்தான் குடுக்கம்.”

அவர் தலைமறைந்ததும் அபூசாலியிடம் சொன்னாள்: “பேர் சொல்லாத தருமமும் மூடி போட்ட சட்டியும் ஒண்டுதான் மச்சான். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

ஆனாலும் பிடியரிசி போட்டாள். மறுமையில் கேள்வி வந்தால் பதில் வேண்டுமே. அவள் போட்டது சாதாரண அரிசியும் இல்லை, சீனட்டி. சாகாமத்து வயலில் எல்லோரும் புது நெல்லுக்கு மாறிவிட்டார்கள். அபூசாலி மட்டும் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு துண்டில் சிவப்புச் சீனட்டி விதைப்பார். அது கொதிக்கும்போது ஒரு வாசம் வரும். அந்தத் தெருவில் அந்த வாசம் நாச்சியாவின் குசினிக்கு மட்டுமே சொந்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி ஹாஜறாவின் வீடு. உம்மா ஒரே வளவை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெண்களுக்கும் சீதன வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினா. எல்லையில் நின்ற ஒரு தென்னைக்காக இரண்டு பேரும் மூன்று வருஷமாகக் கதைக்கவில்லை. அந்தத் தென்னையைச் சூறாவளி வேரோடு பிடுங்கிப்போட்டது. தென்னைதான் போனது, சண்டை போகவில்லை.

ஹாஜறாவின் மாப்பிள்ளை ஜவுபர் சவுதிக்குப் போய் எட்டு மாதம். ஏஜென்டுக்குக் கொடுக்க அவள் கழுத்து அட்டியலை விற்றது ஊருக்கே தெரியும். “மாசாமாசம் காசு அனுப்புறார், வரக்குள்ள ரெண்டு அட்டியல் கொண்டு வருவார்,” என்று அவள் வேலிக்குக் கேட்கும்படி சொன்னதும் தெரியும். நாச்சியாவுக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன், எரியத்தான் செய்தது.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டது. நாச்சியா வேலிக் கிடுகை விலக்கிப் பார்த்தாள். மீராமுகைதீன் மாஸ்டர் ஹாஜறாவின் பின்படலையில் நின்றார். கையில் துவாயால் மூடிய ஒரு பை. படலை திறந்தது, பை உள்ளே போனது, சைக்கிள் திரும்பியது. ஒரு வார்த்தை பேச்சில்லை.

மாப்பிள்ளை ஊரில் இல்லாத வீடு. அந்த எண்ணம் வந்ததும் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்தவள். ஆனால் பையை விட்டுவிட முடியுமா? அடுத்த வெள்ளியும் அதே பை, அதே துவாய். மறுநாள் பகல், வேலிக்கு மேலால் ஒரு வாசம் மிதந்து வந்தது. நாச்சியா தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். சீனட்டி!

வேலியருகே ஓடினாள். ஹாஜறாவின் ஐந்து வயது மகள் றம்ஸியா படியில் குந்திச் சோறு தின்றுகொண்டிருந்தாள். பீங்கானில் வெள்ளை, சிவப்பு, சம்பா, பச்சையரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பாதி குழைந்து, பாதி விறைத்து. பத்து வீட்டு அரிசி ஒரு பானையில் வெந்தால் அப்படித்தான் இருக்கும்.

கணக்கு நொடியில் முடிந்தது. சாக்கரிசியை மாஸ்டர் பின்படலையால் மலிவுக்கு விற்கிறார். சவுதிக் காசை வைத்துக்கொண்டு இவள் தருமத்து அரிசியில் மலிவு பார்க்கிறாள். நெருப்பில்லாமல் புகையுமா?

தங்கச்சியின் பேரை மட்டும் வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தாள். குடும்பத்து மானம். மாஸ்டரை விடுவதாயில்லை. நேரே தங்கள் தாய்வழிக் குடியின் தலைவரான மரைக்கார் கச்சிமுகம்மதுவின் வீட்டுக்குப் போய் முறைப்பாடு வைத்தாள். குடிக்குள் ஒரு வழக்கென்றால் தீர்ப்பது அவர்தான். மறுநாள் அஸருக்குப் பின் மன்றத்து ஆட்களும் தெருப் பெரியவர்களும் விறாந்தையில் கூடினார்கள். நாச்சியா பெண்களோடு கதவுத்திரைக்குப் பின்னால் நின்றாள்.

“பசையுள்ள ஒரு ஊட்டுப் பானையில எண்ட சீனட்டி அரிசி வேகுது, மரைக்கார். எந்த ஊடெண்டு மட்டும் கேக்காதீங்க.”

“அல்லாஹ்வில சத்தியமாக் கண்டியா, புள்ள?”

“வல்லாஹி, எண்ட கண்ணாலதான் கண்டன்.”

மரைக்கார் மீராமுகைதீன் பக்கம் திரும்பினார். “தம்பி, அரிசி வாங்குற ஊடுகள்ற பேர வாசிங்க. பேச்சு அதோட முடிஞ்சிடும்.”

மாஸ்டரின் சட்டைப் பையில் ஒரு மடித்த கடதாசி இருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தார். திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“வாசிக்க ஏலா மரைக்கார்.”

“வாசிக்காட்டி உங்களக் கள்ளனெண்டு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்.”

அவ்வளவுதான். கள்ளனென்று சொன்னார்கள். மன்றத்திலிருந்து அவரை விலக்கினார்கள். இனி யாரை நம்புவது என்று பிடியரிசியும் நின்றது. வெற்று டின்கள் ஒவ்வொன்றாக மன்றத்து வாசலுக்குத் திரும்பி வந்தன. “உன்ட கண்ணுக்குத் தப்புமா கா,” என்று தெருப் பெண்கள் நாச்சியாவைக் கொண்டாடினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வெள்ளி பின்ஒழுங்கையில் சைக்கிள் வரவில்லை. சனிக்கிழமை ஹாஜறாவின் குசினிக் கூரையில் புகையில்லை. ஞாயிறு ஒரு நேரம் மட்டும் மெல்லிய புகை. திங்கள் அதுவும் இல்லை. புகை வந்தபோது சந்தேகப்பட்ட நாச்சியா, புகை வராததைக் கண்டும் சந்தேகப்பட்டாள். ஆனால் இந்தச் சந்தேகம் வேறு மாதிரியானது.

வேலியோரம் றம்ஸியா மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன மக தின்ட?” மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையோடு கதைத்தாள்.

“தேத்தண்ணி.”

“சோறு?”

“மாஸ்டர்ர அரிசி வரல்ல பெரியும்மா.”

“ஏன் மக, வாப்பா காசு அனுப்பல்லயா?”

பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலியில் வாயை வைத்தது. “வாப்பா கொழும்பில நிக்கார். பிளேன்ல ஏத்தாம ஏஜென்டு ஓடிட்டானாம். சொல்லக் கூடாதெண்டு உம்மா அடிச்ச.”

கிடுகு இடுக்கால் நாச்சியா முதன்முறையாக வீட்டைச் சரியாகப் பார்த்தாள். உம்மா கொடுத்த செம்புக் குடம் இல்லை. வெற்றிலைப் படிக்கம் இல்லை. தையல் மெசின் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

நெல்லோடு பிறந்து நெல்லோடு வளர்ந்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் எப்படி விளங்காமல் போனது? காசுள்ளவள் எவள் பத்து வீட்டு அரிசியை ஒரு பானையில் போட்டுக் குழைத்துத் தின்பாள்? கள்ளன் என்றால் வெளியூர்க் கடைக்குக் கொண்டுபோய் விற்றிருப்பான். கலப்பரிசி தின்கிறவள் பசித்தவள். அது அந்தப் பீங்கானிலேயே எழுதியிருந்தது. நாச்சியா பார்த்தாள், வாசிக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி ஒருத்தி வாந்திபேதியில் கிடக்கிறாள். இந்தக் குழந்தை வெறும் வயிற்றோடு மண்ணைக் கிண்டுகிறது.

ஒரு சட்டி நிறையச் சோறும் பருப்புமாகப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். சட்டி கால்மணி நேரத்தில் அப்படியே திரும்பி வேலிக் கட்டையில் இருந்தது. உள்ளேயிருந்து ஹாஜறாவின் குரல் வந்தது: “எங்களுக்குச் சவுதிக் காசு கிடக்கு. ஆர்ர சோறும் தேவல்ல.”

பசியைவிட வீம்பு பெரிய குடும்பம். நாச்சியாவுக்கு அது தெரியும், அவளும் அதே உம்மாவின் மகள்தானே. ஹாஜறா வாங்குவதென்றால் அது மன்றத்து அரிசியாக, யார் வீட்டு அரிசியென்று தெரியாமல், துவாயால் மூடிய பையில் வரவேண்டும்.

அபூசாலியை அழைத்துக்கொண்டு மாஸ்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் ஏசுவார் என்று நினைத்துப் போனாள். அவர் ஏசவில்லை.

“ஆர் ராத்தா இனி எனக்கு அரிசி தருவாங்க? கள்ளன்ட சாக்குக்குள்ள ஆர் போடுவாங்க?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எண்ட பேர் போனாப் போகட்டும். நீங்க கண்டத்த மட்டும் ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அவ தாங்கமாட்டா.”

வழியில் அபூசாலி சொன்னார்: “மரைக்காருக்கிட்டப் போய்ப் பிழையாக் கண்டுட்டன் எண்டு சொல்லு. முடிஞ்சிது.”

முடியாது. பிழையாகக் கண்டேன் என்றால் எந்த வீட்டில் என்று கேட்பார்கள். பொய் சொன்னேன் என்றால் கேட்பதற்கு வீடே இல்லை. இது அபூசாலிக்கு விளங்கவில்லை. நாச்சியா விளக்கவும் இல்லை.

மறுநாள் அஸர் முடிந்து ஆட்கள் மரைக்கார் வீட்டு விறாந்தையில் இருக்கும்போது போய்த் திரைக்குப் பின்னால் நின்றாள்.

“நான் சொன்னது பொய், மரைக்கார். ஒரு பானையையும் நான் காணல்ல. எங்கட கிணத்துக்குள்ள மருந்து போட்டுத் தண்ணிய நாறவச்ச எரிச்சல்ல மாஸ்டர்ல பழி போட்டன்.”

மரைக்கார் திரைப் பக்கம் திரும்பினார்.

“அல்லாஹ்ட பேரால சத்தியம் பண்ணினியே, புள்ள!”

“ஓம். பொய்ச் சத்தியம்தான்.”

வாழ்நாளில் நாச்சியா பண்ணிய உண்மைச் சத்தியங்களில் அந்த ‘வல்லாஹி’யும் ஒன்று. போன வாரம் கொண்டாடிய பெண்கள் அவளை விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி முக்காட்டை இழுத்துக்கொண்டு ‘சீ’ என்றாள்.

மரைக்கார் தீர்ப்புச் சொன்னார்: “மீராமுகைதீன் தம்பியிட்ட நாங்க எல்லாரும் மன்னிப்புக் கேக்கணும். பிடியரிசி நாளைக்கே தொடங்கட்டும். நீ சத்தியத்துக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடு.”

“பத்துப் பேருக்கில்ல மரைக்கார், ஒரு மூட்டை தாறன். மாஸ்டரே குடுக்கட்டும். ஆருக்கெண்டு எனக்குத் தெரியத் தேவல்ல.”

சீனட்டி மூட்டையை எடுக்க மாஸ்டர் வந்தபோது நாச்சியா படலைவரை பின்னால் போனாள்.

“மாஸ்டர், இதத் தனியாக் குடுத்துப்போடாதீங்க. வாசத்த வச்சு எண்ட அரிசியெண்டு பிடிச்சிடுவாங்க. கலந்து குடுங்க.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பும்போது, “ஓம் ராத்தா,” என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? மாஸ்டர் அவளுக்கு என்ன கொடுத்து வாயை மாற்றினார் என்று ஒரு கூட்டம் துருவியது. அபூசாலி அடித்துச் சொல்லவைத்தார் என்றது இன்னொரு கூட்டம். கிணற்றடியில், சந்தையில், கலியாண வீட்டில் ‘பொய்ச் சத்தியக்காரி’ என்ற பேர் அவளோடு நடந்தது. யாரையும் நம்பாதவளை இப்போது யாரும் நம்பவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை பகல் ஹாஜறாவின் கூரையில் புகை எழுந்தது. நாலைந்து அரிசி சேர்ந்து வேகும் வாசம் வந்தது. அதற்குள் கொஞ்சம் சீனட்டியும் இருந்தது. நாச்சியா மூச்சை இழுத்துக்கொண்டு அடுப்பு விறகைத் தள்ளிவிட்டாள். றம்ஸியாவின் காலடி வேலியை நோக்கி ஓடிவந்தது.

“பெரியும்மா!”

பின்னாலேயே ஹாஜறாவின் குரல், வேலிக்குக் கேட்கவேண்டும் என்றே உயர்ந்தது: “அங்கால போகாத புள்ள! ஏழையள்ற வாய்ச் சோத்தத் தட்டிப் பறிச்சவட ஊடு அது. அல்லாஹ்ட பேரால பொய் சொன்னவ, நம்மட குடும்பத்துக்கே கேடு!”

நாச்சியாவின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. நாலு வார்த்தை போதும். அவள் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி டின்னுக்குள் போட்டாள்.

அபூசாலி வாசலில் நின்றிருந்தார். “கேட்டியா, உன்ட தங்கச்சி கதைக்கிறத்த?”

“எனக்கு ஒண்டும் கேக்கல்ல மச்சான்,” என்றாள் நாச்சியா.