மாலை வாடுவதற்குள்

2003 ஆவணியில் புதுவாயல் கூட்டுரோட்டில் ஜோடி நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கிய இரண்டு சம்பங்கி மாலைகள் ஏறக்குறைய ஆறு வருடம் வாடாமல் இருந்தன. விற்றவர் பூக்கடை சுப்பிரமணி. பூவில் எந்த விசேஷமும் கிடையாது, அதே கூடையிலிருந்து கட்டிய மற்ற மாலைகளெல்லாம் அன்று சாயங்காலமே தலை தொங்கிவிட்டன என்று அவரே சொல்கிறார். வாங்கியவர்கள் நந்தினியும் கனகவல்லியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். புதுவாயலில் மெஹர்னிசா வீட்டு மாடியறையில் ஒரு ஸ்டவ், ஒரு பாய் என்று மூன்று வருடமாகக் குடியிருந்தவர்கள். மெஹர்னிசா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண்மணி. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சொன்னதைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஐயர் இல்லாத கட்சிக் கல்யாணம். ஒன்றியச் செயலாளர் துளசிராமன் தலைமை தாங்கினார். மைக்கைப் பிடித்து, "மனசு ஒத்த ரெண்டு பேரு, ரெண்டு மாலை, பாக்கறதுக்கு நாலு பேரு. கல்யாணம்னா இவ்ளோதாம்பா" என்றார். ஜாதகம் வேண்டாம், ஜாதி வேண்டாம், எந்த இரண்டு பேராக இருந்தாலும் தன்னிடம் வரலாம், நடத்திவைக்கிறேன் என்றார். மேடையில் கேட்டதை மேடையிலேயே விட்டுவிட்டுப் பந்திக்குப் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம். மூன்றாவது வரிசையில் இருந்த நந்தினிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. அவள் கேட்டதை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் புதுப் புடவை கட்டி, மாலைகளோடு கட்சி ஆபீசுக்குப் போனார்கள். துளசிராமன் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, "மாப்பிள்ளைங்க பின்னாடி வராங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு கல்யாணம் என்று நினைத்துவிட்டார் பாவம். நந்தினி விஷயத்தைச் சொன்னாள். துளசிராமன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு காலனிப் பையனுக்கும் ஊர்ப் பெண்ணுக்கும் கல்யாணம் செய்துவைத்ததற்காகக் கல்லடி பட்டவர், அந்தத் தழும்பு இன்னமும் நெற்றியில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் நெற்றியைத் தடவிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே வெகுநேரம் பார்த்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தலைமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா. மாலை வாடறதுக்குள்ள பதில் சொல்றேன்" என்றார்.

பேச்சுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் மாலைகள் அதை நம்பிவிட்டன. மாடியறையில் ஆணியில் தொங்கிய அவை ஒரு வாரம் வாடவில்லை, ஒரு மாதம் வாடவில்லை. ஐப்பசி மழையும் போய் அக்கினி நட்சத்திரமும் போய், மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர் படியேறும்போதே, மாலை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். முதலில் தெருவே வந்து பார்த்தது. பிறகு தெருவுக்குச் சலித்துவிட்டது. சம்பங்கி வாசனை கூட்டுரோட்டு டீக்கடை வரை வந்ததால் அங்கே ஊதுபத்தி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் வாடவில்லை என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2004இலும் 2006இலும் தேர்தல் வந்தது. இரண்டு ஓட்டு இருக்கும் வீடு என்பதால் எல்லாக் கட்சியும் அந்த மாடிப்படியை ஏறியது. நந்தினி எல்லோரிடமும் அதே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். இது நம் கலாச்சாரமே இல்லை என்று ஒரு கட்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனது. கொள்கையளவில் சரிதான், ஆனால் முதலில் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளப் பிரச்சினை தீரட்டும் என்றது ஒரு கட்சி. தானே ஆலைத் தொழிலாளிதான் என்று நந்தினி சொன்னபோது அவர்கள் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். இன்னொரு கட்சி மகளிர் அணியைக் கேட்கச் சொன்னது, மகளிர் அணி மாவட்டத்தைக் கேட்கச் சொன்னது. அரசாங்கம் சட்டம் போட்டால் கட்சி குறுக்கே நிற்காது என்றார்கள். அரசாங்கத்தையே கேட்கலாம் என்று சார்பதிவாளர் ஆபீசுக்குப் போனால், அங்கே மணமகன், மணமகள் என்று இரண்டு கட்டம் அச்சடித்த படிவத்தைக் காட்டி, கட்சிகள் ஒன்றுகூடி மாற்றினால் தங்களுக்கு ஒன்றும் ஆட்சேபமில்லை என்றார்கள். துளசிராமனும் இரண்டு தேர்தலுக்கும் வந்தார், வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கனகவல்லி சோறு வடித்துக்கொண்டே அத்தனை பேரையும் போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பாள். அவளுக்கு இந்த அலைச்சல் அலுத்துவிட்டது. "நாமளே மாத்திக்கினு போலாம்டி, யாரு கேக்கப்போறா?" என்று ஒருநாள் மாலையை ஆணியிலிருந்து எடுத்தேவிட்டாள். நந்தினி அதை வாங்கித் திரும்ப மாட்டினாள். "ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லட்டும்" என்றாள். பின்னால் வாழ்நாள் முழுக்க அவளை அறுத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

2009 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கனகவல்லி போன கம்பெனி வேன் மீது லாரி மோதியது. நந்தினிக்கு அன்று வேறு ஷிஃப்ட். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மணி பதினொன்று. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்து வேண்டும். "நீங்க இன்னா ஒறவு?" என்று கேட்டார்கள். வாடாத மாலை இரண்டு வைத்திருப்பவள், சொல்ல ஒரு சொல் இல்லாமல் நின்றாள். கடைசியில் "கூட இருக்கிறவ" என்றாள். படிவத்தில் அப்படி ஒரு உறவு இல்லை. கனகவல்லியின் அண்ணன் பூவராகவன் ஆரம்பாக்கத்தில் அறுப்புக் களத்தில் இருந்தார், போன் வீட்டில் இருந்தது. அவர் வந்து கையெழுத்துப் போட மத்தியானம் இரண்டு மணியாகிவிட்டது. நான்கு மணிக்குக் கனகவல்லி இறந்துபோனாள். அந்த மூன்று மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நந்தினி அதை நம்பவில்லை.

ஆரம்பாக்கத்தில் எடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் வரிசையில் நின்று, முறை வந்தபோது நந்தினி ஒரு மாலையைக் கனகவல்லியின் கழுத்தில் போட்டாள். ஆறு வருடம் தள்ளிப்போட்டதைப் பிணத்துக்குப் போட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது, ஆனால் கூட வேலை பார்த்தவள் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதாள். நல்லது கெட்டதுக்கு வந்தாக வேண்டிய துளசிராமன் மலர்வளையத்தோடு அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். அந்த மாலை எதுவென்று அவருக்குத் தெரிந்தது. மறுநாள் பால் தெளிக்கப் போனவர்கள், வெந்து தணிந்த சாம்பலின் மேல் மாலை ஈரம் குறையாமல் கிடந்ததைப் பார்த்தார்கள். பூவராகவன் அதை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பஸ் ஏறிப் புதுவாயலுக்குக் கொண்டுவந்தார். "இது உங்களுதும்மா" என்று நந்தினியிடம் நீட்டினார். உள்ளே வரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. படியிறங்கும்போது இரண்டு இடத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஜூலையில், ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. டிவிக்காரர்கள் கட்சிகளிடம் கருத்துக் கேட்டார்கள், கட்சிகள் படித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னன. மூன்றாம் நாள் காலை துளசிராமன் மாடிப்படி ஏறி வந்தார். லுங்கி கட்டியிருந்தார். அவரைக் கரை வேட்டி இல்லாமல் அந்த ஊர் பார்த்ததே இல்லை.

"கட்சி இன்னாண்ணா சொல்லிச்சு?" என்று கேட்டாள் நந்தினி.

"கட்சி வர்லம்மா. நான் மட்டுந்தான் வந்துக்கிறேன்."

அவள் கனகவல்லியின் நீல நிறக் கம்பெனிச் சட்டையை ஆணியில் மாட்டி, அதற்கு ஒரு மாலையைப் போட்டாள். இன்னொன்றைத் தான் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். துளசிராமன் சட்டைப் பையிலிருந்து உறுதிமொழிக் காகிதத்தை எடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்ததுதான், ஆனாலும் அதைப் பார்த்தே படித்தார். இன்று முதல் உன்னை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று நந்தினி திருப்பிச் சொன்னாள். கனகவல்லியின் முறை வந்தபோது, அதே வாக்கியத்தைச் சொல்லும் நேரத்துக்கு அவர் நிறுத்திக் காத்திருந்தார். பிறகு, வாழ்க என்றார். அவர் வாயை மூடுவதற்குள் இரண்டு மாலைகளும் வாடத் தொடங்கின. ஆறு வருட வாட்டமும் ஒன்றாக வந்தது, பூவெல்லாம் பழுத்து, சுருங்கி, பொடிந்து, கடைசியில் கழுத்தில் நார் மட்டும் கிடந்தது. கல்யாணம் ஆனதும் தாலியறுந்ததும் நந்தினிக்கு ஒரே நிமிடத்தில் நடந்தது. அன்றுதான் அவள் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

மாலை வாடுவதற்குள் பதில் சொல்கிறேன் என்றவர் அப்படியே சொல்லிவிட்டார், அந்த வகையில் துளசிராமன் வாக்குத் தவறாதவர். மறுநாள் பொன்னேரி நிருபர் கேட்டபோது, இந்த விஷயத்தில் கட்சிக்குக் கருத்து எதுவும் இல்லை என்று கரை வேட்டியோடு பதில் சொன்னார்.

அழுகையைக் கேட்டு மாடிக்கு வந்த மெஹர்னிசா அறையைப் பெருக்கி, பூச்சருகைக் கால் படாமல் கிணற்றோரத்து மருதாணிச் செடிக்கு அடியில் போட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நந்தினிக்கு நாஷ்டா மேலே போனது. வெள்ளைத் துணி ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். ஷிஃப்டுக்குப் போகலாம், பிழைப்புக்குப் போவது குற்றமில்லை, வேறெங்கும் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ரீடிங் எடுக்க வந்தவர், சம்பங்கி வாசனையைக் காணோமே என்று மோந்துபார்த்துவிட்டு, மாடியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

"தொணை போயிட்ச்சு அவளுக்கு" என்றார் மெஹர்னிசா. "புருசன் போனா எங்க ஊட்டு வழக்கத்துல நாலு மாசம் பத்து நாளு துக்கம்."

ரீடிங்காரர் தலையை ஆட்டிவிட்டு மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். கார்த்திகை பிறக்கும் சமயத்தில் அந்த நாலு மாதம் பத்து நாள் முடிந்தது.