மூன்று அடிக்குத் தாங்காத அரக்கன்

1

இருந்தவர்கள்: கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே, ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல், வேம்பு. அவனுக்குப் பின்னால் ஸ்டூலில், விளையாட்டுச் சி.டி.யைக் கொடுத்த மாடிவீட்டு ஷரீஃப். கட்டில் விளிம்பில் வேம்புவின் மனைவி ஹம்சா. இடம் மயிலாப்பூர், வருடம் 1997.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாயவாள், மந்திரக்கவசம் என்று மாதக்கணக்கில் தேடிச் சேர்த்துக்கொண்டு போனால், இந்த வகை விளையாட்டுகளில் கடைசி அரக்கன் பொசுக்கென்று செத்துப்போகிறான். ஏன் என்று யோசித்தபோதுதான் ஹம்சா வந்தாள்.

2

(‘அன்று மழை’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். மழைக்கு இங்கே வேலையில்லை.)

வேம்பு நாலு மாதமாக வளர்த்த வீரன் அரியணை மண்டபத்துக்குள் நுழைந்தான். அரக்கன் எழுந்தான். ஹம்சா புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஒரு அடி. இரண்டு. மூன்றாவதில் அரக்கன் சரிந்தான். விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன.

“இன்னா மாமா, அவ்ளோதானா?” என்றான் ஷரீஃப். “தேங்கா ஒடைக்கவே இத்த விட நேரம் ஆவும்!”

வேம்பு சிரிக்கவில்லை.

3

அரக்கன் பலவீனமானவன் இல்லை. “கம்ப்யூட்டரத் தொட்டா எல்லாம் அழிஞ்சுடும், உனக்கு இது புரியாது” என்று முதல் நாளே ஹம்சாவிடம் வேம்பு சொல்லியிருந்தான். அவன் ஆபீஸ் போனதும் மதியந்தோறும் ஹம்சா அதே வீரனைக் காட்டுக்குள் கூட்டிப்போய், பேய்களாக வெட்டித் தள்ளிப் பலத்தை ஏற்றிவைத்தாள். மாலையில் கூடியிருந்த பலத்தையெல்லாம் வேம்பு தன் கைத்திறன் என்றே நினைத்துக்கொண்டான்.

(நாலு மாதம் ஒருத்தி வாயே திறக்காமல் இருப்பாளா? எனக்கே சந்தேகம். ‘அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாரே’ என்று அவள் சார்பில் எழுதிப் பார்த்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி: சொன்னால் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்துவிடும்.)

4

ஷரீஃப் மாடிக்குப் போனான்.

“கம்பெனிக்காரனுக்கு ஒரு லெட்டர் போடணும், ஹம்சா. நன்னா ஏமாத்தியிருக்கான். நீயே எழுது, உன் இங்கிலீஷ்தான் சுத்தமா இருக்கும்.”

“என்னன்னு எழுதறது?”

“நான் நாலு மாசம் உசிரக் குடுத்து விளையாடினேன், உங்க அரக்கன் மூணு அடிக்குத் தாங்கலன்னு எழுது.”

“ஏன்னா, ஒருவேளை அரக்கன் மேல தப்பே இல்லையோ என்னமோ?”

“பின்ன யார் மேல? என் மேலயா?”

நீங்கள் காத்திருக்கும் பெரிய சண்டை இங்கேதான் வர வேண்டும். எழுதியும் பார்த்தேன். அவள் சொல்கிறாள், அவன் கத்துகிறான், அவள் அழு—

மூன்றே வரியில் செத்துப்போயிற்று.

அவள் கடைசிவரை மறைத்துவிடும் முடிவையும் எழுதினேன். அதில் அவளுடைய மதியங்கள் அத்தனையும் அவனுக்கே போய்விட்டன. கிழித்துப் போட்டேன்.

5

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதினாள்.

“கையெழுத்தையும் நீயே போட்டுடு” என்று சொல்லிவிட்டு அவன் முகம் கழுவப் போனான்.

தன் பெயரைப் போட்டாள். நாலு மாதம் விளையாடிய அந்த ‘நான்’, இப்போது ஹம்சா. கீழே வீட்டு விலாசம். கம்பெனியின் பதில் அவள் பெயருக்குத்தான் வரும். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் மடித்து, உறையில் போட்டு, கோந்து தடவி அழுத்தினாள்.

பதில் வரும் நாள் உங்களுடையது. அந்தக் கதவை நான் திறக்க மாட்டேன்.

மறுநாள் காலை, ஆபீஸ் போகிற வழியில், வேம்பு தன் கையாலேயே தபால்தலை ஒட்டிப் பெட்டிக்குள் தள்ளினான்.