ஒரு வாய் கஞ்சிக்கு ஒரு மணி

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான், மீதியெல்லாம் என் கைச்சரக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் மரச்சீனிக் கிழங்குச் சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா காலத்துல, எங்க ஊரு கோயில்ல ஒரு நாளு துக்கமணி அடிச்சுது பாத்துக்கிடுங்க. ஊரே கூடியாச்சு. ஆனா ஒருத்தரும் சாவல்ல."

"பின்னே ஆரு அடிச்சது?" என்று கேட்டார் பக்கத்து ஆள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. சாக்கும் ஏறியது, அவர்களும் ஏறினார்கள். அது நான் போகவேண்டிய பஸ் இல்லை. இருந்தாலும் ஏறியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஏறாததால் வந்த வினை இந்தக் கதை.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, ஆனி மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில்...'

மழையில் தொடங்கினால் நான் மழையைவிட்டு வெளியே வரமாட்டேன். ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் கணக்கில் 1931.

'கள் குடித்த ஒருவன், பந்தயம் கட்டி, கோயில் மணிக்கயிற்றை...'

நடந்திருக்கலாம். ஆனால் குடிகாரன் மணியடித்தான் என்றால் அதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இதையும் விட்டேன்.

பிறகு மணியைப் பற்றியே யோசித்தேன். கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனைக்கு அடிப்பது விடாமல் கணகணவென்று அடிப்பது. துக்கத்துக்கு அப்படியில்லை. ஒன்று அடித்து, அது ஓய்ந்து, கேட்டவன் தன் வேலையில் மறுபடி கை வைக்கப் போகும்போது அடுத்தது விழும். இவ்வளவு இடைவெளி விட்டு மனிதன் செய்யும் வேலை வேறு ஏதாவது உண்டா?

அந்த வாரம் என் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தன் இரண்டு வயது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாய். அதை அவள் ஒரு கன்னத்தில் ஒதுக்கி, மறு கன்னத்துக்கு மாற்றி, தெருவில் போன நாயைக் கூப்பிட்டு, நாய் வராததால் கோபித்து, கடைசியில் விழுங்கினாள். பிறகு அடுத்த வாய். நான் என்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். துக்கமணியின் கணக்கு அப்படியே இருந்தது.

3

ஆகவே கதைக்கு ஓர் அப்பனும் மகளும் வேண்டும். அப்பன் பெயர் செல்வதாஸ். கருங்கலுக்கு மேற்கே ஒரு சின்ன மிஷன் சபையில் கோயில்குட்டி. மணியடிப்பது, பெருக்குவது, விளக்குத் துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குவது எல்லாம் அவன் பாடு. மனைவி தேவகனி மிஷன் பங்களாவில் லேஸ் பின்னுகிறாள். சீமைக்குக் கப்பலேறும் வெள்ளை நூல் அது, கஞ்சிக் கை பட்டால் தீர்ந்தது. அங்கே பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதால் மகள் குளோரி அப்பனோடு கோயிலுக்கு வரத் தொடங்கினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "பெண்டாட்டி சம்பாதிக்கா, மாப்பிள பிள்ள வளக்கான்" என்று குளத்தங்கரையில் பேச்சு. செல்வதாஸ் கேட்டும் கேளாதவனாகப் போவான். நின்று பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை என்பதுதான் நிஜம். அவன் கிழக்கு வாசலிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தால் குளோரி மேற்கு வாசலிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருவாள். ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு தவளையைக் குளிப்பாட்டினாள். காணிக்கைப் பைக்குள் தலையை விட்டு, உள்ளே இருந்த இருட்டிடம் "ஆரு?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி வேதப்புத்தகத்தைத் திறந்தபோது சங்கீதங்களின் நடுவில் பாதி கடித்த வாழைப்பழம் இருந்தது.

பழத்துக்குப் பிறகு டீக்கன் ரசலையன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். சபைக் கமிட்டியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"கோயில் தொட்டில் இல்லலே. இனி ஒருக்கா பிள்ளையால வம்பு வந்துதுண்ணு கேட்டேன், ஒண்ணு கோயில் சாவியக் கொண்டா. இல்லேண்ணா பிள்ளைய அவளுக்க சித்தி வீட்டுல கொண்டு விடு."

சித்தி, அதாவது தேவகனியின் தங்கை, குலசேகரத்தில் இருக்கிறாள். நல்ல மனுஷி. பிள்ளையை வைத்துக்கொள்ள ரெடியாகவே இருந்தாள்.

"விடுவமா?" என்று கேட்டாள் தேவகனி. "அங்கயும் விளையாட பிள்ளையளு உண்டு."

"விட்டா எனக்குக் கோயில்ல என்ன வேல?" என்றான் செல்வதாஸ்.

அவள் சிரித்துவிட்டாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

4

தவளை, பழம் எல்லாம் சில்லறை. பெரிய பாடு கஞ்சிதான். குளோரி வாயைத் திறக்கமாட்டாள். செல்வதாஸ் காகத்தைக் காட்டினான். ஆட்டைக் காட்டினான். பலாமரத்துப் பிலாயிலையைக் கோட்டி ஈர்க்கில் குத்தி, அந்த இலைக் கரண்டியில் கஞ்சியைக் கோரி, தானே குடித்து "என்ன ருசி" என்று நாக்கைச் சப்பினான். அவள் தலையாட்டி ஒத்துக்கொண்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. பாதிக் கஞ்சி இப்படி அவன் வயிற்றுக்கே போனது.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. கோயில் முற்றத்தில் இரண்டு கல்தூணுக்கு நடுவே மணி தொங்குகிறது. ஒரு நாள் அவன் தூணடியில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தபோது அவள் கயிற்றைப் பிடித்தாள். இழுத்த மகிழ்ச்சியில் வாய் தானாகத் திறந்தது. அவன் சட்டென்று ஒரு வாய் கஞ்சியை உள்ளே தள்ளினான். விழுங்கினாள். மறுபடி இழுத்தாள், மறுபடி திறந்தாள்.

அன்றுமுதல் ஏற்பாடு இது: செல்வதாஸ் ஏணியில் ஏறி மணியின் நாக்கில் தன் தோர்த்துத் துண்டைச் சுற்றிக் கட்டுவான். மகள் இழுப்பாள், மணி ஆடும், சத்தம் வராது. ஒரு இழுப்புக்கு ஒரு வாய். சட்டி காலியானதும் தோர்த்தை அவிழ்த்து மகளின் வாயைத் துடைப்பான்.

(அடிக்குறிப்பு, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: இரண்டு வயதுப் பிள்ளை இழுத்தால் மணி ஆடுமா? எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து மணிக்கயிற்றில் குளோரியின் எடைக்கு இளநீர்க்குலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆடியது. அடிக்கவும் செய்தது. வாட்ச்மேன் வந்து என்னைக் கேட்ட கேள்விகள் இந்தக் கதைக்குத் தேவையில்லை.)

5

இப்போது ஒரு சிக்கல். அன்றைக்குத் தோர்த்து அவிழ்ந்துவிட்டது என்று எழுதிவிடலாம். மணி அடிக்கும். ஆனால் முதல் சத்தத்திலேயே செல்வதாஸ் கயிற்றைப் பறித்திருப்பானே? அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: ஒரு மணி என்றால் காற்று, காக்கை, கைத்தவறு. இரண்டாவது விழுந்தால் சாவு. ஊர் கூடியது என்றால் இரண்டாவது மணியும் விழுந்திருக்கிறது. அதை ஏன் அவன் தடுக்கவில்லை?

'செல்வதாஸுக்குக் காது கொஞ்சம் மந்தம், வருஷக்கணக்காக மணியடித்து...'

எழுதி அடித்துவிட்டேன். காது மந்தமானவன் தோர்த்து எதற்குக் கட்டுகிறான்?

'அவன் ஆடு விரட்டப் போயிருந்த நேரத்தில்...'

அப்படியானால் கஞ்சி ஊட்டியது யார்?

ஆக, அவன் அங்கேதான் இருந்தான். கேட்டும் இருந்தான். இதை எழுதிவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன். இதுவரை நான் சிரித்துக்கொண்டே எழுதிவந்த செல்வதாஸை இந்த இடத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று புரிந்தது.

பிறகு ஒரு பத்தி எழுதினேன், நீக்கினேன், மறுபடி சேர்த்தேன். வேடிக்கைக் கதைக்குள் செத்த பிள்ளையைக் கொண்டுவருவது மலிவான வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாமல் இரண்டாவது மணி எனக்கு விளங்கவில்லை. பத்தி இது:

குளோரிக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். காய்ச்சல் வந்தது, காய்ச்சல் விட்டது, கஞ்சி மட்டும் இறங்கவில்லை. அப்படியே போய்விட்டான். அன்றைக்கும் மணியடித்தவன் செல்வதாஸ்தான். கோயில்குட்டி அவன் ஒருவன்தானே.

6

இப்போது எழுதலாம்.

குளோரிக்குக் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. விட்டபிறகும் அவள் ஒன்றும் குடிக்கவில்லை. தேவகனி மடியில் வைத்துப் பார்த்தாள், காலையில் பங்களாவுக்குப் போகாமல் நின்றும் பார்த்தாள். "நீங்க கோயிலுக்குக் கொண்டு போய்ப் பாருங்க" என்று கடைசியில் அவளே சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுப் பங்களாவுக்குக் கிளம்பினாள்.

அவன் ஏணியில் ஏறித் தோர்த்தைக் கட்டினான். மகளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு கட்டியதால் முடிச்சு சரியாக விழவில்லை. மகளை இறக்கிவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தான்.

"இழு மக்ளே."

அவள் தொங்கினாள். தோர்த்து அவிழ்ந்து அவள் தலையிலேயே விழுந்தது. மணி அடித்தது. துணிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது, காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அவன் துணியை எடுத்தான். வாய் திறந்திருந்தது. கொடுத்தான். தொண்டை அசைந்து கஞ்சி இறங்குவதைப் பார்த்தான்.

இனி நிறுத்தவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சாவி, டீக்கன், குலசேகரம் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. தோர்த்து கையில்தான் இருந்தது. குளோரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் பிலாயிலையில் அடுத்த வாயைக் கோரினான்.

இரண்டாவது மணி விழுந்தது.

7

பனையில் நின்றவன் இறங்கினான். நாற்று நட்டவர்கள் நிமிர்ந்தார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கன் ரசலையன் படுக்கையில் விழுந்து கொஞ்ச காலமாயிற்று. எல்லோரும் அவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

டீக்கன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மருமகள் பூங்கனி கஞ்சியோடு பக்கத்தில் நின்றாள். அவரும் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை.

"ஆருட்டி போனது?" என்றார்.

"தெரியல்ல மாமா. இஞ்ச எல்லாரும் இருக்கோம்."

முதலில் வந்த பெண் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். "எங்கள விட்டுட்டு எங்க போனிய" என்று வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"எங்கயும் போவல்ல" என்றார் டீக்கன். "அந்தப் பாயில இரி."

அழுகையைப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. இழுத்த மூச்சுக்கு அழுது முடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைப் பார்த்து அழத் தொடங்கி, அவரைப் பார்த்து நிறுத்தினார்கள். அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத தம்பிகூட வந்திருந்தார். டீக்கன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் என்னைப் போலத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்திருந்தது.

கோயில் பக்கம் இன்னொரு மணி கேட்டது.

"இன்னும் அடிக்கான்" என்றார். "என்னையத் தூக்குங்கலே. எனக்க துக்கமணிய எவன் அடிக்காண்ணு நான் பாக்கணும்."

8

முடிவுகள்.

ஒன்று: டீக்கன் சாவியை வாங்கிக்கொள்கிறார். செல்வதாஸ் வேறு வேலைக்குப் போகிறான், குளோரி குலசேகரத்தில் வளர்கிறாள். நடக்கக்கூடியதுதான். எனக்குக் கை வரவில்லை.

இரண்டு: டீக்கன் விழுந்து விழுந்து சிரிக்கிறார், பசி வந்து கஞ்சி கேட்கிறார், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது. இதைப் படித்துக் காட்டியபோது மைத்துனன் "நல்லாருக்கு" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே இது பொய் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: நாற்காலியோடு அவரைக் கொண்டுவந்து தூணுக்கு எதிரே இறக்குகிறார்கள். பின்னால் ஊர் முழுக்க நிற்கிறது. பங்களாவிலிருந்து ஓடிவந்த தேவகனி கூட்டத்தின் ஓரத்தில் மூச்சு வாங்குகிறாள். மணி கேட்டதும் அவள் யாரை நினைத்து ஓடிவந்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. டீக்கன் தோர்த்தைப் பார்க்கிறார், கயிற்றைப் பார்க்கிறார், பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருக்கும் பருக்கையைப் பார்க்கிறார். புத்திசாலி, எல்லாம் புரிந்துவிடுகிறது.

"மொத மணி கை தவறி அடிச்சது. சரி" என்கிறார். "ரெண்டாவது மணிக்கு என்னலே சொல்லுத?"

எல்லோரும் செல்வதாஸைப் பார்க்கிறார்கள். அவனுக்காக நான் எழுதிவைத்த பதில்கள் மேஜையில் கிடக்கின்றன. ஒன்றில் அவன் மன்னிப்புக் கேட்கிறான், ஒன்றில் மகனின் பெயரைச் சொல்கிறான், ஒன்றில் காற்றின்மேல் பழி போடுகிறான். எதுவும் அவன் வாயில் வரமாட்டேன் என்கிறது.

பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருந்து குளோரிக்கு அலுத்துவிட்டது. கயிற்றை மறுபடி பிடிக்கிறாள். டீக்கனை ஒரு தரம் பார்க்கிறாள். அப்பன் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறாள்.

"ஆ."

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். இலைக் கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நனைந்திருக்கும், ஈர்க்கில் கழன்றுவிடாமல் பிடியுங்கள். டீக்கன் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டியின் அடியில் இன்னும் ஒரு வாய் இருக்கிறது.